இருத்தி வைக்கப்பட்ட ஆச்சி: முத்தையன்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

வந்த காரணம்

2023 ஆவணியில் ஓர் ஆச்சியை அவருடைய பேத்தி உளசமூகப் பணியாளர்களான எங்களிடம் கூட்டிக்கொண்டு வந்தார். ஆச்சிக்கு 75 வயது. முல்லைத்தீவு மாவட்டத்தில், முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீர் பாயும் கிராமம் ஒன்றில் இளைய மகனின் குடும்பத்தோடு இருக்கிறார். சாப்பாடு குறைந்துவிட்டது, நித்திரை இல்லை, விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பி இருட்டுக்குள் ஓர் அறையைக் கூட்டிக்கொண்டு நிற்கிறார், ஏன் என்று கேட்டால் பதில் சொல்லாமல் போய்ப் படுத்துவிடுகிறார். பேத்தி சொன்னது இவ்வளவுதான். மறதி நோய் தொடங்கிவிட்டது என்று மகனும் மருமகளும் பயந்துபோயிருந்தார்கள்.

ஆச்சியிடம் என்ன வருத்தம் என்று கேட்டோம். "வருத்தம் ஒண்டும் இல்லைப் பிள்ளை. என்னை இருத்தி வச்சிருக்கினம்" என்றார்.

வன்னியில் உளசமூகப் பணி செய்கிறவர்கள் இப்படியான அம்மம்மாக்களை அடிக்கடி காண்கிறோம். போரில் பிள்ளையை இழந்தவர், பேரப்பிள்ளைகளை வளர்த்தவர், கணவரைப் பராமரித்து வழியனுப்பியவர். வரலாற்றைக் கேட்டவுடனே துக்கம், அதிர்ச்சி என்று எழுதிவிட மனம் போகும். இவருடைய வாழ்க்கையிலும் துக்கத்துக்குக் குறைவில்லை. ஆனால் வருத்தம் வந்த காலத்தைப் பார்த்தால் காரணம் வேறு இடத்தில் இருந்தது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று கேட்டபோது, "பேரைப் போடாதை, மற்றதைப் போடு" என்று ஆச்சி சொன்னார். பிள்ளைகளும் சம்மதித்தார்கள்.

முதலில் உடம்பைப் பார்க்க வேண்டியிருந்தது. சீனி வருத்தத்துக்கும் பிரசருக்கும் கிளினிக்கில் மருந்து எடுக்கிறார், இரண்டும் கட்டுப்பாட்டில்தான் இருந்தன. இரத்தச்சோகை, தைரொயிட்டு ஆகியவற்றுக்கான பரிசோதனைகளிலும் பிரச்சினை இல்லை. மனநலக் கிளினிக் வைத்தியர் ஞாபகசக்தியைப் பரிசோதித்துவிட்டு மறதி நோய்க்கான அறிகுறி இல்லை, மனச்சோர்வு கொஞ்சம் இருக்கிறது என்றார். ஞாபகத்தைப் பற்றி எங்களுக்கும் சந்தேகம் இருக்கவில்லை. எந்தப் போகத்தில் எத்தனை மூடை வந்தது, யாருக்கு எவ்வளவு கைமாற்றுக் கொடுத்தது, யார் இன்னும் தரவில்லை என்பதெல்லாம் அவர் வாயில் வரிசையாக வந்தது.

நித்திரையைப் பற்றி ஒரு விஷயம். ஆச்சி இரவு எட்டு மணிக்குப் படுக்கிறார். மூன்று மணிக்கு எழும்பினால் ஏழு மணித்தியாலம் ஆகிவிட்டது. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் எழும்பும் நேரமும் அதுதான். நெல் அவிக்கிற நாட்களில் அதற்கும் முந்தி. ரிவி பார்த்துவிட்டுப் பதினொரு மணிக்குப் படுக்கிற வீட்டில் மூன்று மணி என்பது நடுச்சாமம், அதுதான் அது நோயாகத் தெரிந்தது. அவர் கூட்டிக்கொண்டு நின்ற அறை முன்பு நெல் மூடை அடுக்கிய அறை. இப்போது அதற்குள் நெல் இல்லை.

காணியும் மிளகாயும்

1948 இல் முள்ளியவளைப் பக்கம் பிறந்தவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. 1967 இல் கலியாணம். கணவருக்கு முத்தையன்கட்டுக் குடியேற்றத் திட்டத்தில் பெர்மிட் (அரசாங்க அனுமதிப்பத்திரக்) காணி கிடைத்தது: மூன்று ஏக்கர் வயல், ஒரு ஏக்கர் மேட்டுக்காணி. அப்போது அது காடு. பாலை, முதிரை, வீரை என்று பெருமரங்கள் நின்ற இடத்தை வெட்டி எரித்து வெளியாக்கியிருக்கிறார்கள். இரவில் கணவர் பரணில் யானைக் காவல். ஆச்சி கொட்டிலுக்குள் கைவிளக்கோடு தனிய. மூத்த பிள்ளை வயிற்றில் இருந்தபோது மலேரியா வந்து பிழைத்தது பெரும்பாடு. இலங்கையில் மலேரியா இல்லை என்று 2016 இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்ததைச் சொன்னபோது, "அப்ப நான் கண்டதெல்லாம் என்ன?" என்று கேட்டுச் சிரித்தார்.

அவர் விரும்பிக் கதைத்த காலம் மிளகாய்க் காலம். 1970 இல் வந்த அரசாங்கம் மிளகாய், வெங்காயம் போன்றவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. செத்தல் மிளகாய்க்கு விலை ஏறியது. முத்தையன்கட்டும் விசுவமடுவும் சிவந்துபோய்க் கிடந்த ஆண்டுகள் அவை. மேட்டுக்காணியில் ஆச்சியும் கணவரும் மிளகாய் வைத்தார்கள். உழவும் தண்ணீர் இறைப்பும் கணவர். நாற்றுமேடை போடுவது, நடுவது, களை பிடுங்குவது, பழம் ஆய்வது, காயவைப்பது ஆச்சி.

செத்தல் காயவைப்பது லேசான வேலை இல்லை. ஆய்ந்த பழத்தைக் குவித்து மூடி ஒரே நிறமாகப் பழுக்க விட வேண்டும். பிறகு பாயில் மெல்லிசாகப் பரப்பி, வெயில் சாயுமுன் அள்ள வேண்டும். பனி பட்டால் நிறம் மங்கும், வெள்ளைப் புள்ளி விழுந்தால் லொறிக்காரன் விலையைப் பாதியாக்குவான். நாள் முழுக்க அதற்குள் கிடந்த கை இரவில் எரியும். நல்லெண்ணெய் பூசினாலும் மோரில் ஊறவைத்தாலும் எரிவு போகாது. அந்தக் கையால் கைக்குழந்தையைத் தூக்க முடியாது. குழந்தையின் கண்ணில் பட்டால் என்ன ஆகும்? அதனால் குழந்தையைத் தூக்கியது மூத்த மகள். ஒன்றன்பின் ஒன்றாகத் தம்பி தங்கைகளைத் தூக்கித் தூக்கியே அவருடைய படிப்பு இடையில் நின்றது. ஆச்சி மறைக்காமல் சொன்னார்: "நான்தான் மறிச்சனான். வேற என்ன செய்யிறது?"

மிளகாய்க் காசு கணவர் கையில் வந்து ஆச்சியின் கைக்குப் போகும். கல்வீடு கட்டுவோம் என்று கணவர் சொன்னபோது வேண்டாம், மாடு வாங்குவோம் என்று நின்றவர் ஆச்சி. 1977 க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டு விலை விழுந்தது. அயலில் சிலர் கட்டிய சுவரைப் பாதியில் விட்டுவிட்டு நின்றார்கள். ஆச்சி வீட்டில் பால் இருந்தது, எரு இருந்தது, அவசரத்துக்கு விற்க நாம்பன் கன்று இருந்தது. எண்பதுகளில் மூத்த மகன் வெளிநாடு போன செலவில் பெரும்பகுதி அந்தப் பட்டியிலிருந்துதான் வந்தது.

விதைநெல்லும் ஆச்சியின் பொறுப்பு. வயலில் எந்த மூலையில் கதிர் சீராக விளைந்திருக்கிறது என்று அரிவு வெட்டுக்கு முந்தியே பார்த்து வைப்பார். அதைத் தனியாக அடித்து, தூற்றி, காயவைத்து, ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடிப்பார். நசிந்தால் இன்னும் ஒரு வெயில். படீரென்று உடைந்தால் சாக்கில் கட்டலாம். இடையிடையே வேப்பிலையும் நொச்சியும். விதைப்புக்கு முன் ஒரு பிடி நெல்லை ஈரத்துணியில் முடிந்து வைத்து எத்தனை முளைக்கிறது என்று எண்ணுவார். முளை குறைந்தால் ஏக்கருக்கு எவ்வளவு கூட்டி விதைப்பது என்பதையும் அவரே சொல்வார். பச்சைப்பெருமாள், மொட்டைக்கறுப்பன் காலத்திலிருந்து பிறகு வந்த பிஜி (Bg) என்ற புதிய நெல் இனங்கள் வரை இதுதான் நடைமுறை.

அரசாங்கக் கடதாசியில் இதில் ஒன்றும் இல்லை. பெர்மிட் கணவர் பெயரில். கமக்காரர் அமைப்பில் உறுப்புரிமை கணவர் பெயரில், பிறகு மகன் பெயரில். உர மானியமும் அப்படியே. ஆச்சி காட்டிய படிவங்களில் எல்லாம் அவருடைய தொழில் என்ற இடத்தில் "இல்லை" என்று இருந்தது.

தடையும் இடப்பெயர்வும்

1990 இல் வடக்குக்கு அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய், சவர்க்காரம், உரம், மருந்து எல்லாம் தட்டுப்பாடு. பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தார்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, சொட்டு எண்ணெயில் விளக்கு எரித்தார்கள். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணீர் குடித்தார்கள். 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த, முன்பின் தெரியாத ஒரு குடும்பத்துக்கு வளவில் கொட்டில் போட இடம் கொடுத்து நீண்டகாலம் சோறும் கொடுத்தார். 1998 இன் கடைசியில் ஒட்டுசுட்டானுக்கு இராணுவம் வந்தபோது இவர்களும் எழும்பி, அடுத்த ஆண்டின் கடைசியில் திரும்பினார்கள்.

2009 தொடக்கத்தில் திரும்பவும் எழும்பினார்கள். புதுக்குடியிருப்பு, இரணைப்பாலை, மாத்தளன், பொக்கணை, கடைசியில் முள்ளிவாய்க்கால். லான்ட்மாஸ்டரில் (இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில்) ஏற்றியவற்றில் இரண்டு மூடை விதைநெல்லும் இருந்தது. போகிற இடத்தில் விதைக்கலாம் என்றே அப்போதும் நினைத்திருக்கிறார்கள். மாத்தளனில் பங்கருக்கு மண்மூடை அடுக்கச் சாக்கு கிடைக்கவில்லை. எல்லாப் பெண்களும் செய்ததைப்போல ஆச்சியும் சேலைகளைக் கிழித்துப் பைகளாகத் தைத்தார். கூறைச்சேலையும் அதற்குள் போனது. அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். குரல் மாறியது விதைநெல்லில். பிள்ளைகள் பசியில் கிடந்த ஒருநாள் அந்தச் சாக்கை அவிழ்த்துக் குற்றிக் கஞ்சி வைத்தார். "விதையைத் தின்னக் குடுத்திட்டன்" என்று சொல்லிவிட்டு நெடுநேரம் பேசவில்லை.

பொக்கணையில் ஷெல் விழுந்து இளைய மகளும் மருமகனும் இறந்தார்கள். பேத்திக்கு அப்போது நாலு வயது, பேரனுக்கு இரண்டு. அந்த இரண்டு பேரையும் இடுப்பிலும் கையிலுமாகக் கொண்டுதான் ஆச்சி வெளியே வந்தார். செட்டிக்குளம் மனிக்பாம் அகதி முகாமில் தறப்பாள் கொட்டில், தண்ணீருக்கு வரிசை. 2010 இல் ஊருக்குத் திரும்பும்போது காணியில் பற்றை மட்டும் இருந்தது. மகள், மருமகன் மரணங்களைப் பதிவதற்கும் பேரப்பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களைத் திரும்ப எடுப்பதற்கும் அலுவலகங்களுக்கு அலைந்தவர் ஆச்சிதான். கணவருக்கு வரிசையில் நிற்கிற பொறுமை இல்லை.

இந்திய வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபா கட்டம் கட்டமாக வந்தது. 550 சதுர அடிக்குக் குறையாத வீடு. அயலில் பலர் கூடுதலாகக் கட்டப் போய்க் கடன்பட்டார்கள், சிலர் கிழமைக்குக் கிழமை கட்டும் நுண்கடனில் விழுந்து எழும்பவே இல்லை. ஆச்சி அளவை மீற விடவில்லை. ஒரேயொரு மாற்றம் கேட்டார். ஓர் அறைக்கு யன்னல் சிறிதாக, நிலம் உயரமாக இருக்க வேண்டும். அது நெல்லுக்கு.

2015 இல் கணவருக்குப் பாரிசவாதம். மூன்று ஆண்டு படுக்கை. இரவிலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்து, முதுகு துடைத்து, கூழைக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கிப் பார்த்தார். 2018 இல் அவர் போகும்வரை உடம்பில் ஒரு படுக்கைப்புண் இல்லை. வைத்தியசாலைகளிலேயே சிரமமான காரியம் அது.

எப்போது சுகமாக இருந்தார்?

கணவரின் எட்டுச்செலவு முடிந்த கையோடு பிள்ளைகள் கூடிப் பேசியிருக்கிறார்கள். அம்மா பட்டது போதும், இனி ஒரு வேலையும் செய்யக்கூடாது. வெளிநாட்டு மகன் காசு அனுப்பினார். நிலத்துக்கு மாபிள், காஸ் அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, ஆச்சிக்கு முன்விறாந்தையில் ஒரு சாய்மனைக் கதிரை. மருமகள் அடுப்படியைப் பொறுப்பெடுத்தார். மாடுகளை விற்றார்கள். எல்லாம் அன்பில் செய்தவை. இதைச் சந்தேகமில்லாமல் எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் பிள்ளைகளைப்போல அம்மாவைத் தாங்கும் பிள்ளைகள் எல்லாருக்கும் கிடைப்பதில்லை.

அந்த நாட்களிலிருந்தே ஆச்சியின் சாப்பாடு குறையத் தொடங்கியது என்று பேத்தி சொன்னார். ஆனால் இடையில் ஓர் ஆண்டு ஆச்சி நன்றாக இருந்தார் என்றும் சொன்னார். எந்த ஆண்டு என்று கேட்டோம். 2022.

நாடே தவித்த ஆண்டு அது. 2021 இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடை செய்ததில் அடுத்த காலபோகம் (மாரி நெற்செய்கை) படுத்துவிட்டது. 2022 இல் காஸ் இல்லை, டீசல் இல்லை, அரிசி விலை தலைக்கு மேலே. இந்த வீட்டில் காஸ் அடுப்பு மூலைக்குப் போனது, விறகடுப்பு திரும்ப வந்தது. அதை எரிக்கத் தெரிந்தவர் ஆச்சி. வளவில் மரவள்ளி ஊன்றினார், கொஞ்சம் குரக்கன் விதைத்தார். கையிருப்பு நெல்லை அளந்து, கிழமைக்கு இவ்வளவுதான் என்று மருமகளிடம் கொடுத்தார். தடைக்காலத்தில் செய்ததையெல்லாம் திரும்பச் செய்தார். அந்த ஆண்டு அவர் நன்றாகச் சாப்பிட்டார், முழங்கால் நோவைப் பற்றிக்கூட முறையிடவில்லை.

2023 இல் காஸ் திரும்ப வந்தது. நட்டத்தில் களைத்துப்போன மகன் வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு ரக்டர் ஓடப் போனார். அரிசி கடையில் பைக்கற்றாக வந்தது. நெல் அறையை ஒதுக்கிப் பேரனுக்குப் படிக்கும் அறையாக்க ஏற்பாடு நடந்தது. ஆச்சி திரும்பவும் கதிரைக்குப் போனார். அதற்குப் பிறகுதான் மூன்று மணிக்கு அறையைக் கூட்டுவது தொடங்கியது.

எங்கள் கணிப்பு

மகளின் இழப்பு ஆச்சியின் உள்ளே எப்போதும் இருக்கிறது. வைகாசியில் முள்ளிவாய்க்கால் நினைவுக் கஞ்சி காய்ச்சும்போதும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகும்போதும் அழுகிறார், பிறகு தேறுகிறார். அந்தத் துக்கத்தைத் தாங்கும் வழி அவரிடம் உண்டு. இப்போதைய சோர்வு தீர்மானம் கையைவிட்டுப் போனதால் வந்தது.

குடும்பத்துக்காகத் தேய்ந்த தாய் என்று இப்படியானவர்களைப் புகழ்கிறோம். அந்தப் புகழ் அரைவாசிதான் உண்மை. ஆச்சி தேய்ந்தது உண்மை. எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிட்டார், முழங்கால் போய்விட்டது. ஆனால் அந்த வீட்டை நடத்தியவரும் அவர்தான். மாடா வீடா, விதையா கஞ்சியா, எவ்வளவு சேமிப்பு, எப்போது விற்பது எல்லாம் அவருடைய முடிவுகள். உழைப்பை மட்டும் கண்ட பிள்ளைகள் உழைப்பிலிருந்து விடுதலை கொடுத்தார்கள். அதோடு சேர்ந்து முடிவெடுக்கும் இடமும் போய்விட்டது அவர்களுக்குத் தெரியவில்லை. ஆச்சிக்கும் அதைக் கேட்டுப் பெறும் பழக்கம் இல்லை, ஏனென்றால் ஒருநாளும் யாரும் அதை அவருக்கென்று எழுதிக் கொடுத்திருக்கவில்லை.

செய்தது

மருந்து கூட்டவில்லை. வைத்தியரும் அதற்கு உடன்பட்டார். குடும்பத்தைக் கூட்டிப் பேசினோம். மகன் முதலில் கோபப்பட்டார்: "வேலை செய்ய விடச் சொல்லுறியளா? ஊர் என்னைக் காறித் துப்பும்." வேலை வேறு, பொறுப்பு வேறு என்று விளக்க நேரமெடுத்தது. அப்புறம் ஆச்சியே குறுக்கிட்டு, "நான் குனியேல்லை தம்பி, சொல்லுறன், நீ செய்" என்றார். அதற்கு மறுப்புச் சொல்ல மகனால் முடியவில்லை.

குத்தகைக்காரரோடு பேசி ஒரு ஏக்கரை அந்தக் காலபோகத்துக்கே திரும்ப எடுத்தார்கள். என்ன இனம், எப்போது விதைப்பு என்று ஆச்சி சொன்னார். மார்கழி வெள்ளம் வயலின் ஒரு பக்கத்தை அழுகவைத்தது, விளைச்சல் குறைவுதான். வந்ததில் விதைக்கென்று ஒரு மூடையை ஒதுக்கி, வழக்கம்போல் பல்லில் கடித்துப் பார்த்துக் கட்டி வைத்தார். பேரனுக்கு வேறு மூலையில் மேசை போட்டுக் கொடுத்தார்கள்.

கூட்டத்தில் எதிர்பாராமல் வந்தது மூத்த மகளின் பேச்சு. வவுனியாவில் இருக்கிற அவர் இதற்காகவே வந்திருந்தார். "எல்லாரும் அம்மாவின்ர தியாகம் எண்டுறியள். என்ர படிப்பும் அதுக்குள்ளதானே போனது" என்றார். யாரும் பேசவில்லை. ஆச்சி மன்னிப்பு என்று ஒன்றும் சொல்லவில்லை. அன்று பின்னேரம் மகளை அருகில் இருத்தித் தலை வாரிவிட்டதை மட்டும் பேத்தி எங்களுக்குச் சொன்னார். அந்த மகளின் பங்கை எழுதாமல் விட்டால் இந்த ஆய்வு நேர்மையாக இருக்காது. பேத்தி உயர்தரப் பரீட்சை எழுத வேண்டும் என்று ஆச்சி பிடிவாதமாக நின்றதற்கு இதிலும் ஒரு காரணம் இருக்கலாம்.

இப்போதைய நிலை

சாப்பாடு திரும்பியிருக்கிறது. மூன்று மணிக்கு எழும்புவது அப்படியே இருக்கிறது, வீட்டில் அதை இப்போது யாரும் நோய் என்று சொல்வதில்லை. முழங்காலுக்கு உடற்பயிற்சி நடக்கிறது.

தீராமல் இருப்பது காணி. கணவர் பின்னுரிமையாளரை நியமிக்காமலே இறந்தார். 1935 இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி அப்படியான நிலையில் மனைவி தன் ஆயுள்வரை காணியை அனுபவிக்கலாம். ஆனால் விற்கவோ, தனக்குப் பிறகு யாருக்கு என்று நியமிக்கவோ முடியாது என்பதே அவர் இறந்த காலத்தில் இருந்த ஏற்பாடு. வாரிசு வரிசையில் மகன்களை மகள்களுக்கு முன் வைத்த அட்டவணை 2022 திருத்தத்தில்தான் மாறியது. இந்தக் குடும்பத்துக்கு எது பொருந்தும் என்று பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேட்டு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். தன்னுடைய பெயர் ஒரு கடதாசியில் வர வேண்டும் என்று ஆச்சி வாய்விட்டுக் கேட்டது இதுதான் முதல்முறை.

மீதி இரண்டு ஏக்கரின் குத்தகை வரும் சிறுபோகத்தோடு முடிகிறது. நீடிக்கலாம் என்கிறார் மகன், டீசல் விலையையும் கூலியையும் காட்டுகிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. குளத்தில் தண்ணீர் இருக்கும் ஆண்டில் வயலை மற்றவனிடம் கொடுப்பதா என்பது ஆச்சியின் வாதம். அடுத்த சந்திப்பு அதற்காகத்தான். மூத்த மகள் வருவதற்கு வசதியாக அதை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வைக்கச் சொல்லி ஆச்சி கேட்டிருக்கிறார்.